சும்மா கிடைத்த சட்டம்

இராஜரட்ணம் அந்தச் செய்தியைச் சொல்லி முடித்தபோது பத்மநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. முகத்தை மட்டும் செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி வைத்துக்கொண்டார். மனிதருக்கு நடிப்பு துப்புரவாக வராது. நல்ல காலம், அப்போது யாரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் இராஜரட்ணத்தின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணை சொல்லுறியள்? மச்சானைக் கட்டேலாதோ?" என்றாள் தவமணி. பத்மநாதனின் மனைவியான அவள் அதுவரை கலியாணப் பலகாரத்துக்கு எவ்வளவு உளுந்து போடுவது என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அமெரிக்காவில ஏலாது, தங்கச்சி. சட்டம். கட்டினாலும் அந்தக் கலியாணம் செல்லாது. என்னோட வேலை செய்யிற வேரோனிக்காவின்ர அக்கா அங்கதான் இருக்கிறா. அவவின்ர மகளுக்கே அப்பிடி ஒரு சம்பந்தம் குழம்பினதாம்."

இராஜரட்ணம் ஒஷாவாவில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர். கனடாவில், ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் அந்தத் தெருவில் இருந்த தமிழர்கள் வரி, வாடகை, வயிற்றுவலி எதுவென்றாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு வாயால் சொன்னதோடு நிற்காமல், காற்சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றையும் எடுத்து விரித்தார். மகன் கணினியில் எடுத்துக் கொடுத்ததாம். மேலே அமெரிக்கக் கொடி. கீழே கொட்டை எழுத்தில், ஒன்றுவிட்ட சகோதரர் முறையானவர்கள் அமெரிக்காவில் மணம் முடிக்கத் தடை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஆங்கிலக் கணக்கில் மச்சானும் மச்சாளும் ஒன்றுவிட்ட சகோதரர்தான்.

கலியாணப் பெண்ணான மகள் நிரூபா அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஆர் எழுதினது, அங்கிள்?"

"ஆர் எழுதினால் என்ன பிள்ளை? இன்ரநெற்றில கிடக்கு."

பத்மநாதன் தொண்டையைச் செருமினார். "சட்டத்துக்கு விரோதமாய் என்ர வீட்டில ஒரு அலுவலும் நடவாது. பொன்னுருக்கை நிப்பாட்டுங்கோ" என்றார்.

தாலிக்குப் பொன் உருக்குவதற்கு அடுத்த வாரத்தில் நாள் வைத்திருந்தார்கள். பொன்னை உருக்கிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில்தான் முகம் பார்க்கலாம். வேண்டாம் என்று வாய் திறக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே நிறுத்துவதென்றால் இப்போதே நிறுத்த வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் ரிக்கற்றை வீட்டு வாசல் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவருகிற மனிதர் சட்டத்துக்குப் பயப்படுவதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உண்மை வேறு. மாப்பிள்ளை வினோதன் பத்மநாதனின் சொந்த அக்கா பரிமளத்தின் மகன். அக்கா அதே நகரத்தில் பார்க்டேலில் இருந்தாள். மகனுக்கு எல்லைக்கு அப்பால் பஃபலோவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கும் வேலை. முறை மாப்பிள்ளை, நல்ல குணம், சாதகமும் பொருந்திவிட்டது. போதாததற்கு, தொலைபேசி அடித்தால் நிரூபா ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் அவள் மனதில் என்ன இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மறுப்பதற்குப் பத்மநாதன் ஒரு காரணம் தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தார்.

மறுக்க நினைத்ததற்கு இருந்த காரணத்தை அவரால் வெளியே சொல்ல முடியவில்லை. எண்பத்தாறில் அவர் கனடாவுக்கு நேரே வரவில்லை. முதலில் அமெரிக்காவில் இறங்கி, கையில் சரியான கடதாசி இல்லாமல் பஃபலோ பஸ் நிலையத்தில் பிடிபட்டார். நீதிபதி வெளியேற்றச் சொன்னார். ஓர் அதிகாரி அவரை எல்லைப் பாலத்தைத் தாண்டிக் கூட்டிவந்து கனடாப் பக்கம் ஒப்படைத்துவிட்டு, போகும்போது விரலை ஆட்டி, "இனி இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். அந்த மனிதர் வேலை முடிகிற நேரத்து அலுப்பில் சொன்னாரோ என்னவோ, பத்மநாதன் அதை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொண்டார். கனடா அவரை ஏற்றது, குடியுரிமையும் தந்தது, மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நாடு கடத்தப்பட்ட கதையை மட்டும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

இப்போது ஒரே மகள் அந்தப் பாலத்துக்கு அப்பால் குடிபோகப் போகிறாள். காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். ஆனால் அவள் சமைத்ததை அவள் வீட்டில் இருந்து சாப்பிட முடியாது. பேரப்பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்க முடியாது. இதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இராஜரட்ணத்தின் தாள் அவருக்குத் தெய்வமே அனுப்பியது மாதிரித் தெரிந்தது.

நிரூபா அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"சட்டம் எண்டால் சட்டத்தைப் பாப்பம், அப்பா. அங்கிளின்ர தாளையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனவள், அடுத்த நாள் பின்னேரம் நூலகத்திலிருந்து வேறொரு தாளோடு வந்தாள். அதில் கொடியும் இல்லை, கொட்டை எழுத்தும் இல்லை. சின்ன எழுத்தில் வரிவரியாக ஓடியது.

"இது நியூயோர்க் மாநிலத்தின்ர குடும்பச் சட்டம், அப்பா. பஃபலோ நியூயோர்க் மாநிலத்திலதான் இருக்கு. ஐஞ்சாம் பிரிவு. ஆர் ஆரைக் கட்டேலாது எண்டு போட்டிருக்கு. மச்சான் மச்சாள் அதில இல்லை."

"உது எங்கை கிடைச்சது?"

"அமெரிக்காவில ஒரு பல்கலைக்கழகத்தின்ர சட்டபீடம் அந்த நாட்டுச் சட்டங்களை இன்ரநெற்றில போடுது. தங்களிட்ட இல்லாததுக்கு எங்க பாக்கிறதெண்டு வழியும் காட்டுது. ஆரும் பாக்கலாம். சும்மா."

பத்மநாதனுக்கு அந்தச் சொல் போதும். "சும்மாவோ? சட்டத்தைச் சும்மா குடுப்பாங்களோ? ஊரில ஒரு காணி உறுதி எழுதவே எத்தினை தரம் நடக்கவேணும்? சும்மா குடுக்கிறவன் ஏன் உண்மையைக் குடுக்கப்போறான்?" என்று பிடித்துக்கொண்டார். "இராஜரட்ணம் அண்ணை கொண்டுவந்ததும் கொம்பியூட்டர்த் தாள். நீ கொண்டுவந்ததும் கொம்பியூட்டர்த் தாள். நான் எதை நம்புறது?"

கேள்வி நல்ல கேள்விதான். கேட்டவரின் நோக்கம்தான் சரியில்லை. பஃபலோவில் ஒரு லோயரைக் கேட்டுப் பார்க்க வினோதன் முயன்றான்; அவருக்குக் கலியாண நாளுக்குப் பிறகுதான் நேரம் இருந்தது. நிரூபா யோசித்தாள்.

"சரி அப்பா, தாளை நம்பவேண்டாம். நீங்களே வந்து பாருங்கோ. அங்கிளும் வரட்டும்" என்றாள்.

சனிக்கிழமை மூவரும் ரெக்ஸ்டேல் நூலகத்துக்குப் போனார்கள். அங்கே கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் கிளடிஸ் என்ற ஜமேக்காப் பெண். முன்கூட்டியே பெயர் கொடுத்துத்தான் கணினியில் உட்காரலாம். நேரம் முடிந்தால் ஆளை எழுப்பிவிடுவாள். இவர்களைப் பார்த்ததும் ஒரு கணினிக்கு மூன்று கதிரை போட்டுக் கொடுத்தாள். இராஜரட்ணம் நடுவில் இருந்தார்.

நிரூபா அந்தச் சட்டபீடத்தின் பக்கத்தைத் திறந்தாள். பத்மநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் மினுங்கவில்லை. ஒன்றையும் வாங்கச் சொல்லவில்லை. பெயர் கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை. அங்கிருந்து நியூயோர்க் மாநிலம், அதன் குடும்பச் சட்டம், ஐந்தாம் பிரிவு என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனாள். பெற்றோரும் பிள்ளைகளும், அண்ணனும் தங்கையும், மாமனும் மருமகளும், அத்தையும் மருமகனும் மணம் முடிக்கக்கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான்.

"பார், பார்! மாமன் எண்டு கிடக்கு" என்று இராஜரட்ணம் திரையில் விரலை வைத்தார்.

"மாமன் மருமகளைக் கட்டேலாது எண்டு கிடக்கு, அங்கிள். மாமன்ர மகளை மருமகன் கட்டேலாது எண்டு இல்லை."

"அப்ப வேரோனிக்கா பொய் சொன்னவவோ? தேவாலயத்துக்குப் போற மனுசி!"

"அவவின்ர அக்கா எந்த இடம்?"

"கிளீவ்லாண்ட்."

"அது ஒஹாயோ மாநிலம். அதையும் பாப்பம்."

நிரூபா தேடினாள். சற்று நேரத்தில் ஒஹாயோவின் சட்டம் வந்தது. இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரரைவிட நெருங்கிய உறவில் மணம் முடிக்கக்கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதாவது, சொந்த மச்சானைக் கட்ட முடியாது.

இராஜரட்ணம் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "நான் சொன்னன் எல்லோ! ஒரு நாட்டுக்கு ரெண்டு சட்டம் இருக்கேலுமோ? ரெண்டில ஒண்டு பொய். உந்தக் கொம்பியூட்டரே தனக்குள்ள சண்டை பிடிக்குது."

அடுத்த மேசையில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். கிளடிஸ் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். பத்மநாதன் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்குக் காரியம் அவர் நினைத்தபடியே குழம்பியிருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்காவது காணி வழக்கு இல்லாமல் இருந்ததுண்டா? அவருக்கும் ஒன்று இருந்தது. அந்த வழக்கு இப்போது அவருடைய வாயைத் திறந்துவிட்டது.

"ஏன் அண்ணை இருக்கேலாது? எங்கட யாழ்ப்பாணத்துச் சட்டம், தேசவழமை, இருந்ததெல்லோ?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் மட்டுவிலில ஒரு காணி வாங்கினன். பங்காளிக்கு அறிவிக்காமல் வித்தது பிழை, வாங்குற முதல் உரிமை தனக்குத்தான் எண்டு பங்காளி வழக்குப் போட்டான். காணி போச்சு. எங்கட லோயர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'தேசவழமையால தோத்தனீர். இதே காணி கொழும்பில எண்டால் உம்மை ஒருத்தனும் அசைச்சிருக்கேலாது' எண்டார். ஒரு சின்னத் தீவுக்குள்ளேயே யாழ்ப்பாணத்துக்கு ஒரு சட்டம், கொழும்புக்கு ஒரு சட்டம். அமெரிக்கா எவ்வளவு பெரிசு! நியூயோர்க்குக்கு நியூயோர்க்கின்ர தேசவழமை, ஒஹாயோவுக்கு ஒஹாயோவின்ர தேசவழமை. ரெண்டும் உண்மைதான்."

காணி இழந்தவனுக்கு இருக்கிற வேகத்தில் அவர் அதோடு நிற்கவும் இல்லை. "அதோட, இது எங்களை ஏமாத்திற சாமான் எண்டால் எல்லா இடத்திலையும் 'கட்டலாம்' எண்டு எங்களுக்குப் பிடிச்ச மாதிரிச் சொல்லியிருக்கும். ஒஹாயோவில ஏலாது எண்டு முகத்துக்கு நேர சொல்லுதெல்லே? அப்ப நியூயோர்க்கைப் பற்றிச் சொல்லுறதையும் நம்பலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. நிரூபா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இராஜரட்ணம் இரண்டு நிமிடம் யோசித்தார். வேரோனிக்காவும் பொய் சொல்லவில்லை, தானும் பொய் சொல்லவில்லை என்று கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் ஒஹாயோவைத்தான் சொன்னனான்" என்றார். திங்கட்கிழமைக்குள் தெரு முழுவதும் அமெரிக்கக் கலியாணச் சட்டத்தை மாநிலம் மாநிலமாக விளக்கிக்கொண்டு திரிந்தார்.

தவமணி மறுபடி உளுந்துக் கணக்கைத் தொடங்கினாள். வீடு கலகலத்தது. பத்மநாதன் ஒரு மூலையில் இருந்து தன் வாயைத் தானே திட்டினார். வேறு காரணம் சொல்ல இனி வழியில்லை. மகளின் சிரிப்பைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும்; பயந்தவனுக்கு யோசனை நேரத்துக்கு வருவதில்லை. மச்சானைக் கட்டுவதற்கு அங்கே சட்டம் இருக்கிறதென்றால், அனுப்பப்பட்டவன் திரும்பிப் போவதற்கும் ஒரு சட்டம் இருக்கத்தானே வேண்டும்? பன்னிரண்டு வருடமாக அவர் பயந்துகொண்டிருந்தது ஒரு மனிதரின் ஆடிய விரலுக்கு. சட்டத்தை அவர் கண்ணால் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாக நூலகத்துக்குப் போனார். கிளடிஸிடம் தன் ஆங்கிலத்தில், "ஒரு ஆள். முன்பு அமெரிக்கா வெளியே அனுப்பியது. திரும்பப் போகலாமா? அந்தச் சட்டம்" என்றார். அவள் அந்த ஆள் யார் என்று கேட்கவில்லை. அந்தச் சட்டபீடத்தின் பக்கத்தைத் திறந்து, குடிவரவுச் சட்டம் இருக்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். "நீங்களே அவசரப்படாமல் வாசியுங்கள். இன்றைக்கு இந்தக் கணினிக்கு ஆள் இல்லை" என்றாள்.

அந்தப் பிரிவு மிக நீளம். யாரை உள்ளே விடக்கூடாது என்பதற்கு அந்த நாட்டில் இவ்வளவு காரணங்களா என்று அவருக்கு வியர்த்தது. நோயாளிகள், குற்றவாளிகள், ஒற்றர்கள் எல்லோரையும் கடந்து வந்தார். கடைசியில், முன்பு அகற்றப்பட்டவர்கள் என்ற தலைப்பு வந்தது. கொண்டுவந்த அகராதியை மடியில் விரித்தார். நாட்டை விட்டு அகற்றும்படி கட்டளையிடப்பட்டவர், வெளியேறிய நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் வந்தால் உள்ளே விடப்படமாட்டார். இரண்டாம் தரமும் அகற்றப்பட்டவருக்கு இருபது ஆண்டுகள். பாரிய குற்றம் செய்தவருக்கு எக்காலமும்.

திரும்ப வாசித்தார். இரண்டாம் தரம் அவரை யாரும் அகற்றவில்லை. வாழ்க்கையில் செய்த பெரிய குற்றம் பங்காளிக்கு அறிவிக்காமல் விற்ற காணியை வாங்கியதுதான். பத்து ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. அவருக்கே தெரியாமல் முடிந்துவிட்டன. கீழே, இந்தப் பிரிவு எந்த ஆண்டில் எப்படித் திருத்தப்பட்டது என்றுகூட எழுதி வைத்திருந்தார்கள். பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழத் தொடங்கினார். கிளடிஸ் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். பஸ் நிலையம், நீதிபதி, பாலம், ஆடிய விரல். தவமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு காலமும் இதை வயித்துக்குள்ள வைச்சிருந்தனீங்களோ? எனக்குச் சொன்னால் நான் என்ன, பொலிசுக்கோ சொல்லப்போறன்?" என்று ஏசினாள். ஏசும்போதே கண் கலங்கியது.

நிரூபாவுக்கு வேறொன்று விளங்கிவிட்டது. "அப்ப அங்கிள் அந்தத் தாளைக் கொண்டுவர உங்களுக்குச் சந்தோசம். என்னப்பா?"

"ஓம் பிள்ளை" என்றார் பத்மநாதன். "நீ அங்கால போனால் உன்னை நான் பாக்கேலாமல் போயிடும் எண்டு நினைச்சன். எனக்குத் தாங்கேலாமல் கிடந்தது. நான் செய்தது பிழை."

"பிழைதான்" என்றாள் நிரூபா. பிறகு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வினோதன் பஃபலோவில் ஓர் இலவசச் சட்ட உதவி நிலையத்தில் விசாரித்துவிட்டு, மாமா வாசித்தது சரிதான் என்று தொலைபேசியில் சொன்னான். குறித்த நாளில் பொன் உருகியது. கலியாணம் ரொறன்ரோவில் நடந்தது. நிரூபா பாலத்துக்கு அப்பால் போக வேண்டிய கடதாசிகள் வந்து சேர இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. அவளை வழியனுப்பிய அன்று பத்மநாதன் அவ்வளவாக அழவில்லை. பின்னால் போகப் போகிறவர் ஏன் அழ வேண்டும்?

போனார். இராஜரட்ணம்தான் கார் ஓட்டினார். அமெரிக்கச் சட்டம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது நல்லது என்று தானாகவே வந்துவிட்டார். பத்மநாதன் கோட்டுச் சூட்டுப் போட்டிருந்தார். மடியில் சட்டப் பிரிவின் பிரதி. சொல்ல வேண்டியதை வழி முழுவதும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்டாள் எல்லை அதிகாரி.

மனப்பாடம் செய்த அத்தனையும் ஓடிவிட்டது. "மகளைப் பாக்க" என்றார் தமிழில். பின் இருக்கையில் இருந்த தவமணி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்குள் அவர் தாளை நீட்டி, தான் முன்பு அனுப்பப்பட்டவர் என்பதையும் கேட்காமலே சொல்லிவிட்டார். இராஜரட்ணம் தலையில் கை வைத்தார். அதிகாரி தாளை வாசித்தாள். தன் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொருவரோடு பேசிவிட்டு வந்தாள்.

"எப்போதோ முடிந்துவிட்டது, ஐயா. போகலாம்" என்றாள். பிறகு, "மரக்கறி, பழம், இலை ஏதும் கொண்டு வருகிறீர்களா?" என்று கேட்டாள்.

பத்மநாதன் நிம்மதியாக, "இல்லை" என்றார். தவமணி மெல்ல இருமினாள். அவளுடைய பையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கட்டு ஒன்று வெளியே வந்தது. அதை அங்கேயே வாங்கிக் குப்பையில் போட்டார்கள். அடுத்த முறை கேட்டுவிட்டுக் கொண்டுவரும்படி கொஞ்சம் கடுமையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

பஃபலோவில் ஒரு மாடி வீட்டுக் கதவைத் தட்டியதும் நிரூபா திறந்தாள். கையில் அகப்பை இருந்தது. அப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்று அழுதாள். உள்ளேயிருந்து மகள் சமைக்கும் வாசம் வந்தது.

"அழாதை பிள்ளை" என்றார், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "சாப்பிட்ட பிறகு உந்தக் கொம்பியூட்டரைத் திற. கறிவேப்பிலைக்கு என்ன சட்டம் எண்டு பாப்பம். நான் அடுத்த மாதமும் வருவன்."